சோபாவின் இரண்டு ஓரங்களும் ஒரு பழைய தீர்ப்பும்

முதற்கண் வாசகர்கள் என்னைப் பொறுத்தருள வேண்டும். குத்துச்சண்டை மேடையை நான் நேரில் கண்டதில்லை. கதை எழுதுவதும் இதுவே முதல் தடவை. விவரம் அறிந்தவர்கள் பலர் இருக்க நான் வாய் திறப்பது அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றினால், அதையும் மன்னித்து மேலே படிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

அக்காளையும் தங்கையையும் மணந்த சகலைகள் இருவர் சேர்ந்து ஒரு குஷன் கடை நடத்திவந்தார்கள். அக்காளின் கணவரைப் பெரியவர் என்றும் தங்கையின் கணவரைச் சின்னவர் என்றும் தெருவில் அழைப்பார்கள். பெரியவருக்கு இறுக்கமான கை. அவர் அடைத்த மெத்தையில் உட்கார்ந்தால் முதுகு தானாக நிமிர்ந்துகொள்ளும். சின்னவருக்கு இளகிய கை. அவர் அடைத்ததில் உட்கார்ந்தவர் வந்த காரியத்தையே மறந்துவிடுவார். ஆகையால் நீளமான சோபா வந்தால், ஆளுக்கொரு ஓரத்தில் தொடங்கிப் பாதி வேலையில் இடம் மாறிக்கொள்வார்கள். ஒருவர் இறுக்கியதை மற்றவர் இளக்கி, இளக்கியதை இறுக்கி, முடிவில் எந்த ஓரம் யார் கை என்று அவர்களுக்கே தெரியாமல் போகும். கடையின் நல்ல பெயர் முழுவதும் அந்த இடமாற்றத்தில்தான் இருந்தது.

கைகளுக்கு வேலை இருந்தால் வாய்க்கும் வேலை வேண்டுமல்லவா? அதற்கு அவர்களிடம் ஒரு பழைய குத்துச்சண்டை இருந்தது. உலகப் பட்டத்துக்காகப் பதினைந்து சுற்றுகள் நடந்த சண்டை அது. பட்டத்தை வைத்திருந்த நெட்டையர் பின்வாங்கிப் பின்வாங்கி, நீண்ட இடக்கையால் குத்திவிட்டு நழுவினார். எதிர்த்து வந்த குட்டையர் முதல் மணியிலிருந்து கடைசி மணி வரை முன்னேறிக்கொண்டே இருந்தார். யாரும் விழவில்லை. மூன்று நீதிபதிகளில் இருவர் நெட்டையரே வென்றார் என்றார்கள். ஒருவர் மட்டும் குட்டையரே வென்றார் என்றார். பெரியவர் அந்த ஒருவர் கட்சி. சின்னவர் அந்த இருவர் கட்சி. உலகம் அந்தச் சண்டையை என்றோ மறந்துவிட்டது. குஷன் கடை மறக்கவில்லை.

இதற்கிடையில் தொழில் படுத்துவிட்டது. எல்லோரும் ஆயத்த சோபாக்களை வாங்கத் தொடங்கியதால், கடையில் ஓர் ஆளுக்கே வேலை இழுபறியாக இருந்தது. அந்த நேரத்தில் ஒரு திரையரங்கின் மேலாளரான ஓர் அம்மா, மாதிரிக்கு ஒரு சோபா செய்யச் சொன்னார். பிடித்தால் அரங்கின் இருக்கைகள் அத்தனையும் இவர்களுக்கு. பிடிக்காவிட்டால் சின்னவர் மெத்தைத் தொழிற்சாலைக்குப் போக வேண்டும் என்று வீட்டில் பேசி முடிவாகியிருந்தது. அங்கே இயந்திரச் சத்தத்தில் பக்கத்திலிருப்பவர் பேசுவதுகூடக் கேட்காதாம். நாள் முழுவதும் வாயை மூடிக்கொண்டு வேலை செய்ய வேண்டும் என்பதுதான் சின்னவருக்குப் பெரிய கவலை.

மாதிரி சோபாவுக்குப் பஞ்சு அடைத்த அன்றைக்கென்று பார்த்து, அந்தச் சண்டையின் தெளிவான படம் பெரியவருடைய கைப்பேசியில் வந்து சேர்ந்தது. ஆணிப் பெட்டியின் மேல் அதைச் சாய்த்துவைத்துச் சத்தத்தை அணைத்தார்கள். வர்ணனை கேட்டால் மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிடுமாம்.

"நல்லாப் பாருங்க சகலை. யாரு முன்னாடி போறான்?" என்றார் பெரியவர்.

"முன்னாடி போறதுக்கு இது என்ன பஸ்ஸா? குத்து எங்க விழுதுன்னு பாருங்க."

"இதுக்குப் பேரு குத்தா? குழந்தைக்குப் பவுடர் போடுற மாதிரி இருக்கு."

"பவுடர் போட்டே உங்க ஆளு மூஞ்சி வீங்கிப்போச்சே."

கடைசிச் சுற்றைப் பெரியவர் எழுந்து நின்று செய்தே காட்டினார். சோபாவின் முதுகு நாலு குத்து வாங்கிக்கொண்டது. படம் முடிந்தது, இடம் மாறும் வேளையும் வந்தது.

"மாறிக்கலாமா சகலை?" என்று சின்னவர்தான் முதலில் கேட்டார்.

"தாராளமா. கடைசிச் சுத்து எங்க ஆளுக்குத்தான்னு சொல்லிட்டு வாங்க."

"அப்படின்னா நான் இங்கயே இருந்துக்கறேன்."

"இருங்க. நானும் என் மூலையை விட்டு அசையறதா இல்ல."

உறை தைத்துக்கொண்டிருந்த சின்னவரின் மனைவி தையல் இயந்திரத்தை நிறுத்தினாள். "அக்கா, உங்க வீட்டுக்காரரைக் கொஞ்சம் என்னன்னு கேளுங்க."

"உன் வீட்டுக்காரர் மட்டும் என்ன வாழுதாம்? விடுடி, சாப்பிட்டா சரியாயிடும்" என்றாள் அக்காள்.

சாப்பிட்டும் சரியாகவில்லை. அவரவர் ஓரத்தை அவரவரே முடித்து, மேலே துணியை இழுத்து ஆணி அடித்தார்கள்.

மறுநாள் காலை மேலாளர் அம்மா வந்தார். ஓர் ஓரத்தில் உட்கார்ந்தார். மறு ஓரத்துக்கு நகர்ந்தார். திரும்பவும் முதல் ஓரத்துக்கே வந்தார்.

"என்ன இது, இந்தப் பக்கம் ஒரு மாதிரி, அந்தப் பக்கம் ஒரு மாதிரி இருக்கு?" என்றார் அம்மா. "சரி, அந்தப் பக்கம் உக்காந்தா ஜனங்க தூங்கிடுவாங்க. இந்தப் பக்கம்தான் எனக்குப் பிடிச்சிருக்கு. இதைச் செஞ்சது யாரு?"

சின்னவர் பெரியவரைக் காட்டினார்.

"அப்ப எல்லா சீட்டும் இவரே செய்யட்டும். வேற கை படக் கூடாது."

பெரியவர் நன்றி சொல்லியிருக்கலாம். மாறாக, தொண்டையைச் செருமிக்கொண்டார். "அம்மா தப்பா நினைக்கக் கூடாது. இந்தத் தீர்ப்பு செல்லாது."

"எந்தத் தீர்ப்பு?"

"நீங்க இப்ப சொன்னதுதான். அந்தப் பக்கம் எவ்வளவு நேரம் உக்காந்தீங்க? ஒரு படம் முழுசா உக்காந்து பாருங்க, அப்பத் தெரியும் சகலையோட கை. இடைவேளைக்கு அப்புறம் என் பக்கத்துல உக்காந்தவங்க நெளிவாங்க."

சின்னவருக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. ஆமாம் அம்மா, இன்னொரு தடவை உட்கார்ந்து பாருங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தொழிற்சாலைக்குப் போக வேண்டியதிருக்காது. ஆனால் பெரியவர் எதைச் சொன்னாலும் மறுத்தே பல வருடப் பழக்கம், வாய் முந்திக்கொண்டது.

"விடுங்க சகலை. உக்காந்து பாத்தவங்க அவங்க. தீர்ப்புன்னா தீர்ப்புதான்."

"அன்னைக்கும் இதையேதான சொன்னீங்க. கண்ணை வீட்டுல வச்சுட்டு வந்த ரெண்டு பேர் சொன்னதெல்லாம் தீர்ப்பா?"

"அவங்க மேடைக்குப் பக்கத்துல இருந்து பாத்தவங்க. நீங்க ஆணிப் பெட்டி மேல வச்சுப் பாத்தீங்க."

"எந்த ரெண்டு பேரு?" என்று அம்மா கேட்டுத் தொலைத்தார்.

இருவரும் ஒரே சமயத்தில் விளக்கத் தொடங்கினார்கள். பெரியவர் தலையைக் குனிந்துகொண்டு முன்னேறினார். சின்னவர் இடக்கையை நீட்டிக்கொண்டு துணி வெட்டும் மேசையைச் சுற்றிப் பின்வாங்கினார். நாற்காலிக்காக வந்த அம்மா சற்று நேரம் மரியாதைக்கு நின்றார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நான் அப்புறம் சொல்லியனுப்பறேன்" என்று கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். அப்போது இவர்கள் பதின்மூன்றாம் சுற்றில் இருந்தார்கள். அவர் போனதைத் தையல் இயந்திரத்தின் அருகே இருந்த அக்காளும் தங்கையும்தான் பார்த்தார்கள்.

சொல்லியனுப்பவில்லை. அந்த வாரமே வேறொரு கடையின் வண்டி திரையரங்கின் வாசலில் நின்றது.

இழந்தவை இவ்வளவுதான். அரங்கின் இருக்கைகள் அனைத்தும் போயின. மாதிரி சோபாவுக்கான துணியும் பஞ்சும் உழைப்பும் போயின. சின்னவருக்குக் கடையிலிருந்த இடம் போயிற்று. அடுத்த திங்கட்கிழமை அவர் தொழிற்சாலையில் சேர்ந்தார். இடம் மாறிக்கொள்ள ஆளில்லாமல் பெரியவர் நீளமான சோபாக்களை எடுப்பதை நிறுத்தியதால் அந்த வருமானமும் போயிற்று. அவருக்குப் பகல் வேளையில் மறுத்துப் பேச இருந்த ஒரே ஆளும் போனார்.