நாலாவது சக்கரம்

என் கணவருக்கு லிஃப்ட் ரிப்பேர் வேலை. வாரம் முழுக்க ஊரார் வீட்டு லிஃப்டுக்கு போல்ட் முடுக்கும் மனிதர், விடுமுறை நாளில் வீட்டுத் தரையில் சப்பணமிட்டு பொம்மை ஜீப்புக்கு போல்ட் முடுக்குவார். பொம்மை என்று சொன்னால் மூக்குக்கு மேல் கோபம் வரும். பாறை ஏறும் ரிமோட் வண்டியாம், கிராலராம். அதோடு வந்த பிளாஸ்டிக் சக்கரம் எதற்கும் லாயக்கில்லை என்று, வேறொரு கம்பெனியின் கனமான அலுமினியச் சக்கரங்களை வரவழைத்திருந்தார். கல்யாணமான புதிதில் என்னைக்கூட அப்படிப் பார்த்ததில்லை, அந்தப் பெட்டியைப் பார்த்த பார்வை.

அன்று காலை நான் பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பத்து மாதப் பெண் குழந்தை அவர் பொறுப்பில் இருந்தாள்.

"இங்க கொஞ்சம் வாயேன்" என்று கூப்பிட்ட குரலே சரியில்லை.

வண்டியைத் தூக்கிப் பிடித்து ரிமோட்டை அழுத்திக் காட்டினார். மூன்று சக்கரங்கள் சுற்றின. நாலாவது சும்மா நின்றது.

"உள்ள ஒரு சின்னப் பின்னு இருக்கணும். ஆக்ஸில்ல குறுக்கப் போகும். அதுதான் சக்கரத்தப் பிடிச்சு சுத்த வைக்கும். பழைய சக்கரத்த இழுக்கறப்ப கழண்டிருக்கு, கவனிக்கல."

"விழுந்திருந்தா தேடுங்க. என்னை எதுக்குக் கூப்பிடறீங்க?"

"தேடிட்டேன்" என்றார். பிறகு குழந்தையைப் பார்த்தார். அவள் தரையில் உட்கார்ந்து எதையோ மென்றுகொண்டிருந்தாள்.

பாய்ந்து போய் வாய்க்குள் விரலை விட்டேன். வெறும் எச்சில்தான். நறுக்கென்று கடித்தும் வைத்தாள். சோபாவைப் புரட்டினோம், பாயை உதறினோம், காந்தத்தை எடுத்துத் தரை முழுக்கத் தடவினோம். திருகாணிகள் ஒட்டின, நான் எப்போதோ தொலைத்த ஹேர்பின் ஒட்டியது. அரிசியைவிடக் கொஞ்சம் நீளமான அந்த இரும்புக் குச்சி மட்டும் வரவேயில்லை.

நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். காசு விழுங்கிய குழந்தை, ஊக்கு விழுங்கிய குழந்தை என்று பார்த்துப் பார்த்து, மற்ற தாய்மாருக்குத் தெரியாத பயமெல்லாம் எனக்குத் தெரியும். குடலில் எந்த வளைவில் எது குத்தி நிற்கும் என்பதுவரை தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் அவரை வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன்.

டாக்டர் உடனே படம் எடுக்கச் சொன்னார். என் கூட வேலை பார்க்கும் பெண்தான் அன்று டியூட்டி.

"அக்கா, முதல்ல டிரெஸ்ஸ..." என்று ஆரம்பித்தாள்.

"முதல்ல படத்த எடு. அப்புறம் பேசு" என்று எரிந்து விழுந்தேன். ஈயக் கவசத்தை மாட்டிக்கொண்டு குழந்தையை மேஜையில் அழுத்திப் பிடித்தேன். அவள் வீறிட்டு அழுதாள்.

திரையில் படம் வந்தது. இடுப்புக்குக் கீழே, வலது பக்கம், பளிச்சென்று ஒரு வெள்ளைக் கோடு.

என் கணவர் சுவரோடு சறுக்கித் தரையில் உட்கார்ந்தார்.

"அக்கா, நல்லாப் பாருங்க" என்றாள் அவள். "இது தொடைக்கு வெளியில நிக்குது. டிரெஸ்ஸக் கழட்டலாம்னுதான் நான் சொல்ல வந்தேன்."

வருகிறவர்களை எல்லாம் பொத்தான், ஊக்கு, கொலுசுவரை கழற்றச் சொல்லி உயிரை எடுப்பவள் நான். என் பிள்ளையை மட்டும் உடுப்போடு படுக்க வைத்திருந்தேன். டயாப்பரின் தொடையோரச் சுருக்கத்தைப் பிரித்தேன். கறுப்பு கிரீஸோடு அப்பிக்கொண்டு அங்கே இருந்தது குச்சி.

"இவ திருகாணிய எடுக்க வந்தா... இடுப்பப் பிடிச்சுத் தூக்கி அந்தப் பக்கம் வச்சேன்" என்றார் அவர், தன் கையைப் பார்த்தபடி. அந்தக் கைக் கிரீஸில் ஒட்டித்தான் அது அவள்மேல் ஏறியிருக்கிறது.

படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். தொண்டையிலிருந்து அடிவயிறு வரை வேறு எதுவும் இல்லை. டாக்டரும் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போகலாம் என்றார். அப்பாடா என்று வாய்விட்டே சொன்னேன். வரும்போது அவரைத் திட்டத் தோன்றவில்லை. திட்டுவதற்குத் தெம்பும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அலுமினியச் சக்கரங்களைப் பெட்டிக்குள் போட ஆரம்பித்தார்.

"என்ன பண்றீங்க?"

"வேணாம். யாருக்காவது குடுத்துடறேன்."

"இவ்வளவு அமர்க்களம் பண்ணிட்டுக் குடுக்கறதாவது! ஒழுங்கா மாட்டுங்க. இவ என் மடியிலதான் இருப்பா."

உட்கார்ந்தார். இரண்டு முறை முயன்றும் குச்சி துளைக்குள் போகவில்லை. வாங்கி நானே செருகினேன். அதன்மேல், சக்கரத்தின் உட்பக்கம் பொருந்தும் ஆறுமூலை வளையத்தை நகர்த்தி, சக்கரத்தை ஏற்றி, அவர் நட்டை முடுக்கினார். ரிமோட்டை அழுத்தியதும் நாலும் சுற்றின.

கட்டிலில் இருந்த தலையணைகளைத் தரையில் குவித்தோம். வண்டி முக்கி முனகி மேலே ஏறியது, உச்சியில் தடுமாறி, மறுபக்கம் தொப்பென்று விழுந்தது. மடியிலிருந்தவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தலையைப் பின்னால் சாய்த்து, வாயை அகலத் திறந்து, உடம்பே குலுங்கச் சிரித்தாள். மேலிருந்து பார்த்த எனக்குப் புதிதாக முளைத்த இரண்டு பல்லும், ரோஜா நிற ஈறும், நாக்கும் தெரிந்தன. அவ்வளவுதான் இருந்தது அந்த வாயில். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.