மழைக்கு மறுநாள்

மூன்று பட்டியலையும் ஒன்றாகச் சேர்த்து முடிக்கக் காளீஸ்வரிக்குப் பதினோரு நாள் பிடித்தது. உறுப்பினர் பதிவேடு ஒன்று. யார் எந்தத் தேதியில் விதைத்தார்கள் என்று ஊர் ஊராகப் போய்ச் செல்போனில் ஏற்றிய பட்டியல் ஒன்று. அலுவலக மொட்டைமாடியிலுள்ள மழைமானியைத் தினமும் காலையில் அவளே பார்த்து எழுதும் மழையளவு ஒன்று. ஒரு பட்டியலில் அப்பா பெயர் முன்னால் நிற்கும், இன்னொன்றில் அப்பாவே இருக்கமாட்டார். ஒன்றில் ஏக்கர், இன்னொன்றில் ஹெக்டேர். பொறுமைசாலி என்று பெயர் வாங்கியவளுக்கே கடைசி இரண்டு நாள் கம்ப்யூட்டரைத் தூக்கி எட்டயபுரம் ரோட்டில் போட்டுவிடலாமா என்றிருந்தது.

கோவில்பட்டியில் அவள் வேலை பார்த்த உழவர் நிறுவனத்தில் அறுநூற்றுச் சொச்சம் பேர் உறுப்பினர்கள். எல்லாரும் மானாவாரிக்காரர்கள். அந்தப் புரட்டாசியில் ஒரு மழை பெய்து பயிரை முளைக்க வைத்துவிட்டு, அதோடு மூன்று வாரம் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. முளைத்ததெல்லாம் கருகிவிட்டது. மறுபடி விதைக்க இலவசமாக உளுந்து விதை தருவதாக நிறுவனம் சொல்லியிருந்தது. யாருக்குத் தருவது என்பதைச் சென்னையில் செய்த மாடல் தீர்மானிக்கும். மாடல் என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை, மூன்று பட்டியலையும் பொருத்திப் பார்த்து யார் பயிர் கருகியிருக்கும் என்று சொல்கிற ஏற்பாடு.

பொருத்திப் பார்த்தது. பார்த்துவிட்டுக் கரிசல்காட்டுக்காரர்கள் இருநூற்றுப் பதினான்கு பேரையும் ஒரேயடியாக வெளியே தள்ளியது. எல்லார் பெயருக்கும் எதிரே ஒரே காரணம்: விதைப்புத் தேதி முதல் மழைக்கு முன்பாக உள்ளது, பிழையான பதிவு.

காளீஸ்வரி சென்னைக்குப் போன் போட்டாள். மாடலைச் செய்த பிரசன்னாதான் எடுத்தான்.

“மழை பெய்யாம யாராவது விதைப்பாங்களா மேடம்? தேதி தப்பா ஏறியிருக்கும்” என்றான். மரியாதையான பையன்தான், குறை சொல்ல முடியாது.

“இல்ல சார், இங்கன புழுதியிலதான் விதைப்பாவ. மழை பெஞ்ச பொறவு கரிசல்ல காலு வைக்க முடியாது. மாடும் இறங்காது, டிராக்டரும் இறங்காது. அதனால முந்தியே விதைச்சுப் போட்டுட்டு வானத்தப் பாத்துட்டு இருப்பாவ.”

“அப்படியா, நல்லா இருக்கே” என்றான் பிரசன்னா. ஆனால் விதி எல்லா மாவட்டத்துக்கும் ஒன்றுதானாம். மாற்ற இரண்டு மாதம் ஆகுமாம். பட்டியலோ நாளை மாலை ஐந்து மணிக்கு மூடிவிடும். “விவசாயிகிட்ட கேட்டு சரியான தேதியப் போட்டுருங்க மேடம்.”

இருந்ததே சரியான தேதிதான். இருந்தாலும் மனசு கேட்காமல் பட்டியலில் முதலாவதாக இருந்த பசுவந்தனை பூவனலிங்கத்தைக் கூப்பிட்டாள். அவருக்கு ஏழு ஏக்கர், கிணறு கிடையாது.

“அண்ணாச்சி, நீங்க மழைக்குப் பொறவு ஏதும் விதைச்சீங்களா?”

“என்ன தாயீ கேக்குதே? மழைக்கு மறுநாள் புஞ்சையில இறங்குனா என்னையத் தூக்க நாலு பேரு வரணும்.”

அவரிடம் மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை. மறுநாள் மத்தியானம் சாப்பாட்டைக்கூடத் திறக்காமல் உட்கார்ந்து, இருநூற்றுப் பதினான்கு பேருக்கும் மழைக்கு மறுநாள் தேதியைப் போட்டாள். அக்டோபர் பத்து, அக்டோபர் பத்து, அக்டோபர் பத்து. பொய்தான். யார் குடியையும் கெடுக்காத பொய் என்று நினைத்துக்கொண்டாள். அன்றைக்கு அவளுக்குப் பயமோ வருத்தமோ வரவில்லை, அசதிதான் வந்தது. விதை வந்தது. எல்லாரும் மறுபடி விதைத்தார்கள். தை மாதம் பூவனலிங்கம் ஒரு படி உளுந்தைத் துணிப்பையில் கட்டிக்கொண்டு வந்து அவள் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த புரட்டாசியிலும் வந்தார். இந்தத் தடவை கையில் காலிச் சாக்கு.

“விதை லாரி எங்க தாயீ? எப்பவும் ஆவணிக் கடைசியிலயே வந்துருமே. மேகம் கூடுது. இன்னும் நாலஞ்சு நாள்தான் இருக்கு. கடையில கேட்டா பூச்சி விழுந்த விதையக் காட்டுதான்.”

காளீஸ்வரி புதிய திட்டத்தைத் திரையில் திறந்தாள். சென்ற ஆண்டுப் பட்டியல்களை வைத்துச் சென்னையில் செய்த திட்டம். வண்ண வண்ணமாகக் கட்டங்கள். ஒரு கட்டத்தில் இந்தப் பகுதியில் மழைக்கு முன் விதைப்பவர்கள் பூஜ்யம் சதவீதம் என்று போட்டிருந்தது. ஆகவே முன்கூட்டி விதை அனுப்புவது வீண். மழைமானியில் இருபது மில்லிமீட்டர் ஏறினால் தானாகவே உறுப்பினர்களுக்குக் குறுஞ்செய்தி போகும், கிடங்கிலிருந்து லாரி கிளம்பும்.

பிரசன்னாவைக் கூப்பிட்டாள்.

“சார், போன வருசத் தேதியில கொஞ்சம் குழப்பம்…”

“யாராவது பொய்த் தேதி குடுத்திருந்தா பேரை அனுப்புங்க மேடம். உறுப்பினர் பதிவையே ரத்து பண்ணச் சொல்லிப் புது விதி வந்திருக்கு.”

எதிரே பூவனலிங்கம் சாக்கை மடியில் வைத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஒண்ணுமில்ல சார், நானே பாத்துக்கிடுதேன்” என்று போனை வைத்தாள்.

“மழைக்குப் பொறவுதான் லாரி வருமாம் அண்ணாச்சி. இங்கன யாரும் முந்தி விதைக்கிறதில்லைன்னு இதுல இருக்கு.”

“எவன் சொன்னான் அப்படி?”

“நான்தான்.”

எல்லாவற்றையும் சொன்னாள். பூவனலிங்கம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். சாக்கை நாலாக மடித்தார், பிறகு எட்டாக மடித்தார்.

“அந்த மழையை யாரு எழுதுதா?”

“நான்தான் எழுதுதேன்.”

“அப்பம் பெஞ்சதா எழுதிரு தாயீ.”

திரையில் இன்றைய மழையளவு காலையில் அவள் போட்ட சைபராகவே நின்றது. மாடியில் மழைமானிக் குப்பிக்குள் விரல் கனத்துக்குப் புழுதி கிடந்ததை அவள் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள். இதை எழுதினால் அடுத்த வருஷம் இந்த மாடல் என்ன சொல்லும் என்று யோசித்தாள். இந்தத் தேதிக்குள் கரிசலில் மழை பெய்துவிடும் என்று சொல்லும். அதற்கு அப்புறம் இன்னொன்றை எழுதவேண்டி வரும். நினைக்க நினைக்க உடம்பெல்லாம் வலித்தது. சைபரை அழித்துவிட்டு இருபத்திரண்டு என்று அடித்தாள்.

சற்று நேரத்தில் பூவனலிங்கத்தின் சட்டைப்பையில் போன் கத்தியது. எடுத்து, எழுத்துக் கூட்டிப் படிக்க முடியாமல் அவளிடம் நீட்டினார்.

“என்ன போட்டிருக்கு தாயீ?”

“உங்க ஊர்ல நல்ல மழையாம் அண்ணாச்சி” என்று வாசித்தாள். “நாளைக்கு லாரி வருதாம்.”

அவர் போனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, கண்கூசும் வெயிலில் பசுவந்தனை பஸ்ஸுக்கு நடந்தார்.