தாய்மார் வண்டி

பழைய வண்டியின் அடியில் மல்லாந்து படுத்து, தொங்கிப்போன சைலன்சரைக் கம்பியால் இறுக்கிக்கொண்டிருந்தார் டிரைவர். அங்கிருந்து பார்த்தால் புது வண்டியின் டயர்கள்தான் தெரிந்தன. பக்கத்தில் மச்சினனின் பளபளப்பான ஷூ.

"மாமா, ஒரு கை பிடிக்கட்டா?"

"சட்டை அழுக்காயிடும் மாப்ள. போய் ஏ.சி.யில உக்காரு."

நோயாளிகளை வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் அந்தத் தொண்டு நிறுவனத்தில் மச்சினனைச் சேர்த்துவிட்டதே அவர்தான். கர்ப்பிணிகளுக்கென்று நிறுவனம் நிதி கேட்டு எழுதி, புது வண்டி வந்தபோது சாவி தன் கைக்குத்தான் வரும் என்றிருந்தார். நிதி கொடுத்தவர்களோ புது வண்டிக்குப் புது ஆள் என்றார்கள்; சாவி மச்சினனுக்குப் போனது. சம்பளமும் அதிகம். பழைய வண்டியின் ரிப்பேருக்கும் நிறுவனத்தின் செயலாளர் அம்மா கேட்டு எழுதாமல் இல்லை. பழசுக்குத் தருவதில்லை என்று பதில் வந்தது. வீட்டில் மனைவி தம்பி வண்டியின் பெருமையைப் பரிமாறிவிட்டுத்தான் சோற்றைப் பரிமாறினாள். அவர் பாதியிலேயே கை கழுவினார்.

அன்று தெற்குத் தெரு தையல்காரருக்கு ரத்தம் சுத்தம் செய்யும் நாள். நேரம் தவறினால் படுக்கை அடுத்தவருக்குப் போய்விடும். சாவியைத் திருகினார். வண்டி இருமிவிட்டு அடங்கியது.

"அம்மா, எனக்கு இன்னைக்கு ஆளே இல்ல. பாலம் தாண்டி வடக்கால சும்மா போய் நிக்கத்தான் போறேன். தையல்காரர நான் கூட்டிட்டுப் போறேனே" என்றான் மச்சினன்.

செயலாளர் அம்மா வராந்தாவுக்கு வந்தார். "தாய்மாருக்குன்னு கை நீட்டி வாங்கினது தம்பி. முன்ன ஒரு தடவ, நல்லதுதானேன்னு மாத்திச் செலவழிச்சோம். பணத்தத் திருப்பிக் கேட்டாங்க. சம்பளம் கொடுக்க வழியில்லாம ரெண்டு நர்ஸம்மாவ வேலைய விட்டு அனுப்பினேன்." கொஞ்சம் யோசித்தார். "இருங்க, போன்ல கேட்டுப் பாக்கறேன். கேட்டுட்டு செஞ்சா தப்பில்ல."

இனி தெற்குத் தெருவிலும் மச்சினன் பேச்சுதான் என்று தோன்றியது டிரைவருக்கு.

"எதுக்கும்மா கேட்டுக்கிட்டு? என் வண்டி இன்னும் செத்துப் போயிடல."

அவர் வீம்புக்கு அஞ்சியதுபோல் வண்டியும் உறுமிக் கிளம்பியது. அம்மா போனைக் கீழே வைத்தார்.

தையல்காரரையும் அவர் மனைவியையும் ஏற்றிக்கொண்டு பாலத்தின் பாதி ஏற்றம்வரை வந்தார். புகை கக்கி வண்டி நின்றுவிட்டது.

"அண்ணே, அங்க காத்திருக்க மாட்டாங்களே" என்றாள் அந்தப் பெண். தையல்காரர் வீங்கிய கால்களைப் பார்த்தபடி இருந்தார்.

பின்னால் ஹாரன் கேட்டது. புது வண்டி, பின் இருக்கைகளில் ஒருவரும் இல்லாமல். மச்சினன் குதித்து ஓடி வந்தான். "மாமா, அம்மாகிட்ட கேளுங்க."

வேண்டாவெறுப்பாகப் போனை எடுத்தார். கேட்டார். அம்மா விசாரித்துவிட்டுத் திரும்ப அழைத்தார்.

"கொஞ்சம் முன்ன கேட்டிருந்தா பெரிய அதிகாரியே இருந்தாராம். இப்ப கிளம்பிட்டாராம். எழுதிக் கேக்கச் சொல்றாங்க. எழுதிட்டேன். நாளைக்குச் சொல்றாங்களாம்."

"நான் ஏத்திக்கறேன் மாமா. என்ன ஆனாலும் ஆகட்டும்."

"நர்ஸம்மா கத கேட்டேல்ல? உன் வேலையும் போகும், மத்தவங்க வேலையும் போகும்." சொல்லும்போதே அது அக்கறையா, பொறாமையா என்று அவருக்கே பிடிபடவில்லை. "தள்ளு."

டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து, ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவர் தள்ளினார். மச்சினன் பின்னாலிருந்து தோள் கொடுத்தான். அந்தப் பெண் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அவன் பக்கத்தில் சேர்ந்தாள். பழைய வண்டி அங்குலம் அங்குலமாக ஏறியது. தையல்காரர் பின்கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே போனார். பாலத்தின் ஓரத்தில், இஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, புது வண்டி காலி இருக்கைகளோடு கதவு திறந்து நின்றது. அதன் குளிர்காற்று வெயிலில் வீணாய்ப் போய்க்கொண்டிருந்தது.