ஊமைக்கோட்டான் அறுத்த கயிறு

இரங்கல் கூட்டம் நடந்த மீனவர் சங்கக் கட்டடத்தில் மின்விசிறிகள் நான்கு இருந்தன, சுற்றியவை இரண்டு. அவற்றுக்கு அடியில் இடம் பிடிக்கப் பெரிய அடிதடியே நடந்தது. செத்துப்போனவரின் மனைவி என்பதால் முன்வரிசையில் உட்காரவைக்கப்பட்ட அவளுக்குக் காற்றே வரவில்லை.

ஊர் அவள் கணவருக்கு வைத்த பெயர் ஊமைக்கோட்டான். நாற்பது வருஷம் கடலுக்குப் போனவர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் இருந்தவருக்காக இன்று ஆளாளுக்குப் பேசித் தள்ளினார்கள். அவருக்குக் கோபமே வராது என்றார் வலைக்கடைக்காரர். சோறு தாமதமான நாட்களில் இவர் வந்து பார்த்திருக்க வேண்டும்.

அடுத்துப் பேசிய சங்கச் செயலாளர் பதினோரு வருஷத்துக்கு முந்தைய சங்கதியை எடுத்தார். வலை இறக்கும்போது கூட்டாளியின் காலில் கயிறு சுற்றி அவனைக் கடலுக்குள் இழுத்துக்கொண்டு போனதாம். ஊமைக்கோட்டான் கண்ணிமைக்கும் நேரத்தில் கயிற்றை அறுத்தாராம். இருந்தும் விதி விடவில்லையாம். கூட்டம் தலையாட்டியது.

அவள் ஆட்டவில்லை. போன மாதம் ஆஸ்பத்திரியில் அவர் அவளிடம் சொன்னது வேறு. அது புது வலை. அறுத்தால் போய்விடுமே என்று முதலில் கயிற்றை இழுத்துப் பார்த்திருக்கிறார். முடியாது என்று தெரிந்த பிறகுதான் கத்தியை எடுத்திருக்கிறார். இதைச் சொல்லிவிட்டு அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கூட்டாளியின் மனைவி கடைசி வரிசையில் இருந்தாள். அவளை வைத்துக்கொண்டு இந்தப் பொய்க்குத் துணைபோவதா? உண்மையைச் சொன்னால் செத்த புருஷனின் பெயர் சந்தி சிரிக்குமே. "நீங்களும் ரெண்டு வார்த்தை பேசுங்கக்கா" என்று செயலாளர் மைக்கை நீட்டியபோது அவள் எழுந்து வாங்கிக்கொண்டாள்.

"அவரு உடனே அறுக்கல," என்றாள். "வலை போயிடுமேன்னு முதல்ல இழுத்துப் பாத்தாரு. அவரே சொன்னது. அவருக்காக நான் மன்னிப்புக் கேக்குறேன்."

செயலாளர் மைக்கை வாங்கி, டீ வந்துவிட்டது என்று அறிவித்தார்.

கூட்டாளியின் மனைவி நேராக அவளிடம் வந்தாள். அறையப்போகிறாள் என்றே அவள் நினைத்தாள்.

"எனக்குத் தெரியும்க்கா. எங்க வீட்டுக்காரரு மாதிரி நீந்த இந்த ஊர்ல ஆளே கிடையாது. உடனே அறுத்திருந்தா மேல வந்திருப்பாரு. இதை ஒருத்தர் சொல்லணுமா?"

"தெரிஞ்சுமா சும்மா இருந்தே?"

"அண்ணன் மாசா மாசம் வீட்டுக்கு வருவாரு. நாற்காலி நுனியில உக்காந்து தொண்டையைச் செருமுவாரு. சொல்ல வாயெடுப்பாரு, வராது. தண்ணியக் குடிச்சிட்டுப் போயிடுவாரு. தெரியும்ணேன்னு நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவரு பாரம் இறங்கியிருக்கும். இறங்கக் கூடாதுன்னுதான் சொல்லல." அவள் கைகூப்பினாள். "தப்புதான்க்கா."

ஊமைக்கோட்டானின் மனைவிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பதினோரு வருஷம் அந்த மனுஷன் பாயில் புரண்டு புரண்டு படுத்ததை அருகில் கிடந்து பார்த்தவள் அவள். இப்போது மன்னிக்க வேண்டிய முறை அவளுடையது. அன்றைக்கு அவளால் அது முடியவில்லை.