மூக்கர் கடைக்கு வந்த நாற்றம்

பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவோ, வண்டி வைத்திருக்கிறவர்களுக்கு அவர் மூக்கர்தான். பானெட்டைத் திறந்து ஒருமுறை மோந்து பார்த்தாலே கூலன்ட் கசிகிறதா, கிளட்ச் தீய்கிறதா என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட மூக்கு, போன மாதக் காய்ச்சலோடு போய்விட்டது. இப்போது அவருக்குப் பெட்ரோலும் ஒன்றுதான், பச்சைத் தண்ணீரும் ஒன்றுதான். தெரிந்தால் கடைப்பக்கம் யார் வருவார்கள் என்ற பயத்தில் மனைவியிடம்கூட மூச்சுவிடவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான், ஆனாலும் இதுவரை எப்படியோ ஓட்டிவிட்டார்.

அன்று காலை டிரைவிங் ஸ்கூல் டீச்சர் தன் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"அண்ணே, உள்ள உக்கார முடியல. அழுகின முட்டை நாத்தம். கத்துக்க வர்றவங்க என்னையே ஒரு மாதிரி பாக்கறாங்க. இன்னொரு கடையில கன்வெர்ட்டர் போச்சு, மாத்தணும்னுட்டாங்க. எதுக்கும் உங்க மூக்கைக் கேட்டுக்கலாம்னு வந்தேன்."

மூக்கர் தலையை உள்ளே விட்டு, கண்ணை மூடி ஆழமாக இழுத்தார். காற்று வந்தது, அவ்வளவுதான். "ம்ம்" என்றார், எல்லாம் புரிந்தவர் மாதிரி. கடையில் கூடவே ஸ்பேனர் பிடிக்கிற அவர் மனைவி, மூக்கைப் பொத்திக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முட்டை நாற்றம் என்றால் எஞ்சின் புகையைச் சுத்தம் பண்ணுகிற கன்வெர்ட்டர் கெட்டுவிட்டது என்பது மெக்கானிக் வீட்டுப் பூனைக்கும் தெரியும். தலையாட்டிவிட்டால் தீர்ந்தது. ஆனால் தான் முகராத ஒன்றுக்குத் தலையாட்ட மனம் வரவில்லை. எஞ்சினை ஓடவிட்டு ஸ்கேனரை மாட்டினார்.

புகைக்குழாயில் கன்வெர்ட்டருக்கு முன்னால் ஓர் ஆக்ஸிஜன் சென்சார், பின்னால் இன்னொன்று. ஸ்கேனர் திரையில் முன்னதன் கோடு துள்ளிக்கொண்டே இருக்கும். கன்வெர்ட்டர் ஒழுங்காக வேலை செய்தால் பின்னது அடங்கிக் கிடக்கும். பின்னதும் சேர்ந்து ஆடினால் கன்வெர்ட்டர் காலி. திரையில் முன்னது துள்ளியது. பின்னது விருந்து சாப்பிட்டுப் படுத்த மாமனார் மாதிரி அசையவே இல்லை.

இதென்ன கூத்து, கன்வெர்ட்டர் நன்றாகத்தானே இருக்கிறது! பயம் எங்கே போனதென்றே தெரியவில்லை. விடை தெரியாமல் இனி அவருக்குச் சோறு இறங்காது.

"ஏம்மா, புகைக்குழாய்கிட்டப் போய் மோந்து பாரேன்."

"ஏன், நீங்க பாக்க மாட்டீங்களா?"

"நான் திரையைப் பாத்துட்டிருக்கேன்ல."

அவள் குனிந்து பார்த்தாள். "இங்க ஒண்ணுமே இல்லியே."

"பின் சீட்டுல?"

"லேசா இருக்கு. முன்னாடிதான் குடலைப் புரட்டுது."

இதுவரை முகர்ந்தவர்கள் என்ன நாற்றம் என்று பார்த்தார்களே தவிர, எங்கே என்று பார்க்கவில்லை. மூக்கர் டிரைவர் சீட்டைத் தள்ளி, அடியில் இருந்த மூடியைத் திறந்தார். அந்த வண்டிக்குப் பேட்டரி அங்கேதான்; அது வயிறு உப்பிக் கிடந்தது. தொடப்போன கை சூட்டில் பின்வாங்கியது. மீட்டரை வைத்தால், பதினைந்தைத் தாண்டக் கூடாத வோல்ட் பதினேழில் நின்றது.

"எஞ்சினை ஆஃப் பண்ணுங்க! யாரும் கிட்ட வராதீங்க!"

டீச்சர் சாவியைத் திருப்பிவிட்டுத் தள்ளி ஓடினார்.

"டைனமோ கண்டபடி சார்ஜ் ஏத்துது. உள்ள ஆசிட் கொதிக்குது. அதுவும் முட்டை நாத்தம்தான் அடிக்கும். ஒரு பொறி பட்டிருந்தா வெடிச்சிருக்கும் டீச்சர்."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். கன்வெர்ட்டர் பாவம், தன் பாட்டுக்கு உழைத்துக்கொண்டிருந்தது.

பேட்டரியையும் டைனமோவையும் மாற்றியபின், டீச்சர் ஒரு சுற்றுப் போய்விட்டு முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். "மூக்குன்னா இதான் அண்ணே மூக்கு! எந்த மெஷினும் கிட்ட நிக்க முடியாது."

சும்மா இருந்திருக்கலாம், பெயர் பிழைத்திருக்கும். மூக்கர் மனைவியைப் பார்த்தார். அவள் துணியில் கை துடைத்துக்கொண்டிருந்தாள், துணைக்கு வரவில்லை.

"டீச்சர், எனக்கு இப்ப எந்த வாசனையும் தெரியாது. காய்ச்சலோட போச்சு. மோந்து பாத்தது இவதான்."

டீச்சர் மெல்லச் சொன்னார். "அந்தக் கடைக்காரர் நல்லா மோந்து பாத்துட்டுத்தாண்ணே கன்வெர்ட்டரை மாத்தச் சொன்னாரு."

மூக்கு இருந்திருந்தால் தானும் அதையேதான் சொல்லியிருப்போம் என்று மூக்கருக்கு உறைத்தது.

கார் தெருமுனை திரும்பியதும் மனைவியிடம் கேட்டார். "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"அன்னிக்கு அடிப்பிடிச்ச பாலுல டீ போட்டுட்டேன். பிரமாதம்னு இன்னொரு கிளாஸ் கேட்டீங்களே, அப்பவே தெரியும்."

"அப்புறம் ஏன் கேக்கல?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்," என்றாள் அவள். "வெளியாளுக்கு முன்னாடி சொன்னீங்க பாருங்க, என்கிட்டச் சொல்லாம."