பந்தியில் ஓர் இடம்

...இல்லை, இன்றைக்குப் போகத்தான் வேண்டும், இந்தப் பந்தி இல்லாவிட்டால் அடுத்த பந்தி, எழுந்து நின்றுவிட்டால் போதும், கால் தானாக நடக்கும், ஆனால் எழுந்திருப்பதுதானே பெரும்பாடு... கணவன் இன்னொருத்தியோடு போன நாளிலிருந்து அவள் திருவிருந்துக்கு எழுந்ததில்லை. பெஞ்சின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, எல்லோரும் ஆலயத்தில் பந்தி பந்தியாகப் பீடத்தின் முன்னால் போய் அப்பமும் திராட்சரசமும் வாங்கித் திரும்பும்வரை கைப்பையில் எதையோ தேடிக்கொண்டிருப்பாள், ஒரு கைக்குட்டையும் வீட்டுச் சாவியும் தவிர அதில் என்ன இருக்கிறது தேடுவதற்கு? பக்கத்தில் அண்ணி. அண்ணன் வீட்டில்தான் இப்போது ஜாகை, அதனால் அண்ணியின் முழங்கைக்கும் கொஞ்சம் அதிகாரம் உண்டு, அது விலாவில் இடிக்கிறது. "எங்க கிளம்புற? உன் மாமியார் முன்னாடிதான் உக்காந்திருக்காங்க. எதுக்கு வம்பு?" சாப்பிடக் கூப்பிடுகிறார்கள், போகிறேன், இதில் என்ன வம்பு என்று கேட்க வாய் வந்தது, கைப்பையை மூடினாள்.

வாழாவெட்டி. அந்தச் சொல்லை முதலில் சொன்னது அத்தைதான், இதே ஆலயத்தின் வாசலில், செருப்பை மாட்டிக்கொண்டே, நாலு பேர் காதில் விழும்படி... என் பையன் ஓடினதுக்கு இந்த வாழாவெட்டிதான் காரணம் என்று. ஓடியவன் அவன், பெயர் மட்டும் இவளுக்கு, இது என்ன நியாயம்? ஆனால் சொல்லச் சொல்ல அதுவும் உடம்போடு ஒட்டிக்கொண்டது, குளித்தாலும் போகவில்லை. அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இவ்வளவு கொடுமை இல்லை, அங்கே அவள் பெயர் 'பாவம்', ஆவி பறக்கும் இயந்திரத்துக்கு அந்தப் பக்கம் நின்று படுக்கை விரிப்பின் மறுமுனையைப் பிடிக்கிற சக வேலைக்காரி மடிக்கும்போதெல்லாம் இவளைப் பார்த்து உச்சுக்கொட்டுவாள், அதைக் கேட்டால் திட்டு வாங்குவதே மேல் என்று தோன்றும். ரத்தமும் வாந்தியுமாக வருகிற விரிப்புகளை யாருடையது என்று அங்கே யாரும் கேட்பதில்லை, எல்லாம் ஒரே தண்ணீருக்குள் போகின்றன, வெளுத்து வருகின்றன. மனுஷிக்கு மட்டும் அப்படி ஒன்று வாய்க்காதா? போன வாரம் வீட்டுக்கு வந்த போதகரிடம் அழுதுவிட்டாள், "எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வர்றது ஐயா?" பிரசங்கத்தில் பாதி சபையைத் தூங்கவைக்கிற மனிதர், அன்றைக்கு மட்டும் எங்கிருந்து வந்ததோ, "இருக்கிற மூஞ்சிய வெச்சுக்கிட்டு வாம்மா. உன்னை மகள்னு கூப்பிட்ட ஆண்டவர் ஊரைக் கேட்டுக்கிட்டா கூப்பிட்டாரு?" என்றார். சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

எழுந்துவிட்டாள். எப்படி எழுந்தாள் என்று தெரியவில்லை, நடக்கிறாள், முதுகில் கண்கள் மொய்க்கின்றன, மொய்க்கட்டும், மகள், மகள், ஒவ்வொரு அடிக்கும் அதையே சொல்லிக்கொண்டு போய்ப் பீடத்தின் முன்னிருந்த கம்பியோரம் முழங்காலிட்டாள். நெஞ்சு லேசாகிவிட்டது, இவ்வளவுதானா, இதற்கா இத்தனை நாள்... அப்போது இடப்பக்கம் இருந்த காலி இடத்தில் யாரோ தட்டுத்தடுமாறி இறங்கினார்கள், மூச்சிரைப்பு, முழங்கால் தைலத்தின் வாடை. அத்தை. புகுந்த வீட்டில் இவள் வாய் வைத்த தம்ளரை அத்தை தொடமாட்டாள், ராசியில்லாதவள் எச்சில் என்பாள். எல்லோரும் குடிக்கும் ஒரே ரசப் பாத்திரம் முதலில் இவளிடம்தான் வந்தது. குடித்தாள். போதகர் விளிம்பைத் துணியால் துடைத்து, சற்றே திருப்பி, அந்தப் பக்கம் நீட்டினார். இவளுக்கு ஜெபம் மறந்துபோயிற்று, கடைக்கண்ணால் பார்க்கிறாள், மறுக்கட்டும், உதட்டைச் சுளிக்கட்டும், அப்போது தெரியட்டும் எல்லோருக்கும் யார் எப்படிப்பட்டவர் என்று... அத்தை குடித்தாள், மறுப்பில்லாமல், கண்ணை மூடிக்கொண்டு. இவளுக்கு வந்ததோ ஏமாற்றம். சீ, இதற்கா வந்தேன்? இவ்வளவு தூரம் நடந்து வந்து, முழங்காலிட்டு, இன்னமும் இந்தக் கிழவியின் முகத்தில்தானா என்னைத் தேடுகிறேன்?

பந்தி எழுந்தது. இவளும் எழுந்தாள். அத்தையால் முடியவில்லை, கம்பியைப் பிடித்து ஒருமுறை எம்பிப் பார்த்து மறுபடி உட்கார்ந்துவிட்டாள், பிறகு ஒரு கையைக் காற்றில் நீட்டித் துழாவினாள். எத்தனையோ பேர் இருக்க, அது இவள் கையைத்தான் பிடித்தது. "கொஞ்சம் தூக்கி விடும்மா. கண்ணுல புரை விழுந்திருச்சு, எல்லாம் பனியாத் தெரியுது... யாரும்மா நீ?" அப்படியானால் அத்தை பார்க்கவே இல்லை. யார் வாய் வைத்தது என்று தெரிந்திருந்தால்? தெரியாது, இனி அது தெரியப்போவதும் இல்லை. யாரும்மா நீ? மருமகள் என்று சொல்ல வாய் வரவில்லை, இன்னொரு பெயர் இருக்கிறதே, அத்தையே வைத்தது, அதைச் சொல்லலாமா? அல்லது சற்றுமுன் மனதுக்குள் அத்தனை முறை சொல்லிக்கொண்டது... மகள். ஆனால் அதைச் சொல்லிவிட்டால் இந்தக் குளிர்ந்த கையும் அதே பரலோக அப்பாவின் இன்னொரு மகளுடையதாகிவிடுகிறதே, அப்புறம் அத்தையை நான் என்னவென்று கூப்பிடுவது? கிழவியின் பாரம் முழுக்க அவள் கைக்கு வந்தது. விடவில்லை. பின்னால் அடுத்த பந்திக்கு ஆட்கள் வந்து நின்றுவிட்டார்கள்.