பத்தரைக்குப் பிறகு

கப்பலின் வாய்ப்பலகை கரையில் விழுந்ததும் முன்னால் நின்ற லாரிகள் ஒவ்வொன்றாக இறங்கிப் போயின. ரோமெலின் வண்டி மட்டும் நகரவில்லை. பின்னால் நின்ற வாழைக்காய் லாரிக்காரன் ஹாரனிலிருந்து கையை எடுப்பதாக இல்லை. நெனிதா இழுவை வண்டியின் சக்கரத்தின் மேல் ஏறி நின்று, அதில் தட்டுத் தட்டாக அடுக்கியிருந்த ஆறு படகுகளில் அடித்தட்டுப் படகைப் போர்த்தியிருந்த தார்ப்பாயின் முடிச்சோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, எந்திரிப்பா. காத்திக்லான் துறை வந்துடுச்சு."

ரோமெல் சன்னல் வழியே தலையை நீட்டினான். "வெளிய போயி எழுப்பிக்கலாம் வா. கப்பல்காரன் கண்ணுல பட்டா வம்பு."

"தட்டித் தட்டிப் பாத்துட்டேன். பதிலே இல்ல."

"உங்கப்பா என்னைக்கு ஒரே கூப்பாட்டுல பதில் சொல்லியிருக்காரு? ரெண்டு வசவு சேத்துக் கூப்பிடு."

முடிச்சு அவிழ்ந்தது. தார்ப்பாயை விலக்கியதும், கொதிக்கும் சட்டியின் மூடியை எடுத்ததுபோல, உள்ளிருந்த சூடு அவள் முகத்தில் அடித்தது. அப்பா படகின் குழிக்குள் ஒருக்களித்துப் படுத்திருந்தார். துண்டை நாலாக மடித்துத் தலைக்கு வைத்திருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. கண்ணும்.

நெனிதா முதலில் செய்தது அவர் சட்டையை இழுத்து வயிற்றை மறைத்ததுதான். அடுத்து, பின்னால் திரும்பி, "ஒரு நிமிஷம்ண்ணே, இதோ எடுத்துடறோம்" என்று வாழைக்காய்க்காரனிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். தார்ப்பாயை முன்புபோலவே இழுத்து மூடினாள். முடிச்சும் போட்டாள். பிறகு இறங்கிப்போய் ரோமெலின் பக்கத்தில் உட்கார்ந்து கதவைச் சாத்தினாள்.

"என்ன, இன்னும் அஞ்சு நிமிஷம் தூங்கணும்கறாரா?"

"வண்டிய எறக்கு."

"நெனி?"

"நீ மொதல்ல வண்டிய எறக்கு."

நெனிதாவின் அப்பா கிறிஸ்புலோவுக்கு எழுபத்தொரு வயது. சிறிய பந்தயப் பாய்மரப் படகுகளை ஏரியிலிருந்து கடலுக்கும், ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்கும் தரைவழியே கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் தொழில். நெனிதாவைக் கட்டிய பிறகு ரோமெலுக்கும் அதுவே தொழிலானது. படகு தண்ணீரில் போவதற்காகச் செய்யப்பட்டது என்று நம்புகிறவர்கள் அதன் முதலாளிகள் மட்டும்தான். மிதக்கிற நேரத்தைவிட அது ரோட்டில் குலுங்குகிற நேரம் அதிகம். முதலாளிகள் விமானத்தில் வந்து, கறுப்புக் கண்ணாடியோடு இறங்கி, காற்று எந்தப் பக்கம் என்று விரலைத் தூக்கிப் பார்ப்பார்கள். அதற்கு முந்தின நாளே படகு ஒரு கீறல் இல்லாமல் அங்கே இருக்க வேண்டும்.

லாரிக் கப்பலில் ஓட்டுநர் பெயரும் துணையாள் ஒருவர் பெயரும் வண்டியோடு சேர்த்து எழுதப்படும். கப்பல் கிளம்பியதும் எல்லோரும் மேல்தளத்துக்குப் போய்விட வேண்டும், வண்டித்தளத்தைப் பூட்டிவிடுவார்கள். பல வருடங்களுக்கு முன் ஒருமுறை அப்படிப் போயிருந்தபோது அலையில் கயிறு தளர்ந்து ஒரு படகின் மூக்கு பிளந்துபோனது. அன்றோடு கிறிஸ்புலோ மேலே போவதை நிறுத்திவிட்டார். துறைமுக வாசலுக்கு முன்பே அடித்தட்டில் இருக்கும் இரட்டை ஆள் படகுக்குள் இறங்கிப் படுத்துவிடுவார். நெனிதா தார்ப்பாயைக் கட்டிவிட்டு, வால்பக்கத்தில் ஒரு மூலையை மட்டும் தளர்வாக விடுவாள். அலை வந்தால் அந்த வழியாக வெளியே வந்து கயிறுகளை இறுக்குவார். காகிதத்தில் அவர் இல்லை. "நான் ஆள் இல்லடி, பாய்மரத்துல ஒரு பாகம்" என்பார்.

அது எப்போதும் ராத்திரிக் கப்பல். இந்தத் தடவை ஒரு முதலாளி தன் படகுக்குப் புதுச் சாயம் பூசி, காயவில்லை என்று அரை நாள் தாமதமாகக் கொடுத்தார். மின்டோரோ தீவில் காலை ஒன்பது மணிக் கப்பல்தான் கிடைத்தது. ஏப்ரல் மாதம்.

"பகல்ல வேணாம்ப்பா. இந்த ஒரு தடவை சீட்டு எடுத்து மேல வாயேன்."

"கண்ண மூடினா எல்லாம் ராத்திரிதான். போடி, ரொம்பத்தான் அக்கறை" என்று அவர் படகுக்குள் காலை வைத்தார்.

வண்டித்தளத்தில் சங்கிலி மாட்ட வந்தவன் எஃப்ரென். தங்கப்பல் வைத்தவன், கப்பலிலேயே கிழடானவன். தார்ப்பாயை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "உள்ள யாரும் இல்லையே அக்கா?" என்றான்.

"யாருமில்ல" என்றாள் நெனிதா. எத்தனையோ முறை சொன்னதுதான். மூச்சு விடுவதுபோல வந்தது.

பத்தரை மணிக்குத்தான் அவளுக்கு என்னவோ செய்தது. மேல்தளத்தில் மின்விசிறிக்குக் கீழேயே வியர்த்தது. குளிர்ந்த தண்ணீர்ப் புட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். வண்டித்தளக் கதவில் எஃப்ரென் உட்கார்ந்திருந்தான்.

"எங்கக்கா?"

"வண்டிக்குத் தண்ணி ஊத்தணும். ரேடியேட்டருக்கு."

"வண்டிதான் சும்மா நிக்குதே, அதுக்கு எதுக்குத் தாகம்?" அவன் தங்கப்பல் தெரியச் சிரித்தான். "அதுவும் ஐஸ் தண்ணி! குடுத்து வச்ச வண்டி. போங்கக்கா, நீங்களே குடிங்க. கதவ நடுக்கடல்ல தொறக்க மாட்டோம்."

கதவு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. உள்ளே என் அப்பா இருக்கிறார் என்பது நாலே சொல். சொன்னால் வண்டிக்கு அடுத்த முறை இடம் கிடைக்காது, ரோமெல் கத்துவான், அப்பாவும் கத்துவார். அவள் சிரித்துவிட்டு மேலே ஏறிப்போனாள். பாதித் தண்ணீரை அவளே குடித்தாள்.

துறைமுக மருத்துவ அறையில் ஒரே ஒரு கட்டில். அதில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். முழங்கால்கள் படகில் மடங்கியிருந்த மாதிரியே மடங்கியிருந்தன. மருத்துவர் சின்னப் பெண். தாடையை அசைத்துப் பார்த்தாள், அது அசையவில்லை. கையை எடுத்துவிட்டுச் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அங்கே நடந்ததை வியாபாரம் என்றுதான் சொல்ல வேண்டும். கடலோரக் காவல் அதிகாரி ஒரு பக்கம், கப்பல் கேப்டனுக்கு அடுத்தவரான துணைத்தலைவர் ஒரு பக்கம், நடுவில் ரோமெல். எல்லோரும் துக்கமான முகத்தோடு தாழ்ந்த குரலில் பேசினார்கள். ஒரு மனிதன் எங்கே, எத்தனை மணிக்குச் செத்தான் என்பது மேசையில் கிடந்தது.

"எங்க பட்டியல்ல இப்படி ஒரு பேரே இல்ல சார்" என்றார் துணைத்தலைவர். "இல்லாத ஆள் எங்க கப்பல்ல எப்படிச் சாக முடியும்?"

"சட்டப்படி பாத்தா வண்டிய நிறுத்தி வைக்கணும்" என்று அதிகாரி ரோமெலைப் பார்த்தார். "விசாரணை, உரிமம், எல்லாம் வரும். பெரியவரு முன்னாடியே இங்க வந்து, உங்களுக்காகத் துறையில காத்துக்கிட்டு இருந்தாரா? வெயில்ல மயங்கி விழுந்தாரா?"

ரோமெலின் முகம் அழுது வீங்கியிருந்தது. அப்படியும் அவன் காது வேலை செய்தது. "ஆமா சார்" என்றான். "காத்துக்கிட்டுதான் இருந்தாரு."

"கப்பல் வந்தது ஒரு மணிக்கு. அப்போ ஒண்ணே கால்னு வச்சுக்கலாமா?"

"ஒண்ணே கால்" என்றார் துணைத்தலைவர், அவசரமாக.

விலை படிந்துவிட்டது. அதிகாரி பேனாவின் மூடியைக் கழற்றினார்.

நெனிதா கட்டிலின் மறுபக்கம் நின்றிருந்தாள். இதுவரை அழவில்லை. அப்பாவின் காலில் ஒரு செருப்புதான் இருக்கிறது, இன்னொன்று எங்கே என்பதையே யோசித்துக்கொண்டிருந்தாள். மருத்துவரின் கையைத் தொட்டாள்.

"டாக்டர், எத்தனை மணிக்குப் போயிருப்பாரு?"

மருத்துவர் அதிகாரியைப் பார்த்தாள். "அதான் இப்போ சொன்னாங்களே."

"அத விடுங்க. நெசமா."

"சூட்டுல, தூக்கத்துலயே மயங்கியிருப்பாரு. கணக்கா மணி சொல்றது கஷ்டம்க்கா. தாடை நல்லா இறுகியிருக்கு. பத்து மணியா இருக்கலாம், பதினொண்ணா இருக்கலாம்."

"பத்தரைக்கு முன்னாடியா, அப்புறமா?"

அறையில் யாருக்கும் அந்தக் கேள்வி புரியவில்லை. வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்த எஃப்ரென் மட்டும் தலையைத் தூக்கினான். தங்கப்பல் தெரிந்து மறைந்தது.

"முன்னாடின்னே வச்சுக்குங்களேன்" என்றாள் மருத்துவர் மெதுவாக. கேள்வி புரியாவிட்டாலும் எந்தப் பதில் நல்லது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

நெனிதா தலையை ஆட்டினாள். "இல்ல. உயிரோடதான் இருந்திருப்பாரு."

"நெனி" என்றான் ரோமெல். "வேணாம். நாளைக்குப் பந்தயம். ஆறு படகு. அத்தனை பேருக்கும் நான் என்ன பதில் சொல்வேன்?"

"இவரு துறையில காத்துக்கிட்டு இல்ல சார்" என்றாள் அவள் அதிகாரியிடம். குரல் கடையில் சாமான் கேட்பதுபோலச் சாதாரணமாக வந்தது. "எங்ககூடத்தான் வந்தாரு. நான்தான் தார்ப்பாயக் கட்டினேன். இந்த அண்ணன் கேட்டாரு, நான் யாருமில்லன்னேன். பத்தரை மணிக்கு மறுபடி கேட்டாரு, அப்பவும் நான் சொல்லல. எழுதிக்குங்க."

"அக்கா, நான் கேக்கலக்கா" என்றான் எஃப்ரென். "ரெண்டாவது தடவ நான் சிரிக்கத்தான் செஞ்சேன்."

அதிகாரி ஒண்ணே கால் எழுதவிருந்த தாளைத் தள்ளி வைத்தார். துணைத்தலைவரிடம் கையை நீட்டினார். அவர் கொஞ்சம் தயங்கி, கக்கத்திலிருந்த கோப்பிலிருந்து பயணிகள் பட்டியலை உருவிக் கொடுத்தார். ரோமெல் வெளியே போனான். வாசலிலிருந்து வண்டி பின்னால் எடுக்கப்படும் சத்தம் கேட்டது. எங்கேயோ ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டார்கள் போலும்.

அதிகாரி கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். பெயர்கள் அடியில் கோடு போட்டு முடிந்திருந்தன. கோட்டுக்குக் கீழே மொத்தம் இருநூற்றுப் பதினாலு என்றிருந்தது. அதற்கும் கீழே விரலகல வெள்ளைத்தாள்.

"முழுப் பேரு சொல்லுங்க."

அவள் சொன்னாள். அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். அவர் நுணுக்கி எழுதினார்.

"வயசு?"

"எழுபத்தொண்ணு."

"ஏறுன எடம்?"

"மின்டோரோ."

"எறங்குன எடம்?" என்று கேட்டுவிட்டு அதிகாரி பேனாவை அந்த இடத்திலேயே வைத்திருந்தார். மை தாளில் ஊறி ஒரு புள்ளி பெரிதாகிக்கொண்டிருந்தது.